மறுமொழி: ‘கறைபட்ட நியமனம்’ என்னும் சொல்லாக்கம் குறித்து

அன்புள்ள குழுவினர்க்கு,

வணக்கம். அமெரிக்க ஆட்சிமுறை பற்றிய பாட இயல் வரும் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. அமெரிக்க மாநிலமான இல்லினாயில் நடந்த நிகழ்வுக்குக் கோவை நண்பர் முன்மொழிந்த ‘கறைபட்ட நியமனம்’ என்பதைப் பலரும் வழிமொழிந்துவிட்ட நிலையில், நான் அதை ஏற்காமைக்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒபாமா குடியரசுத் தலைவராகத் தேர்வாகி விட்டுச்சென்ற செனட் (அமெரிக்க நாடாளுமன்ற மேலவை) இடத்தை விலைபேசினார் என்ற குற்றச்சாட்டில் இல்லினாய் ஆளுநர் ராட் பிளகோயெவிச் 2008 டிசம்பர் 9 அன்று கைதானார். பதவி விலக மறுத்த அவர், டிசம்பர் 30 அன்று அதே இடத்துக்கு ரோலண்ட் பரிஸை நியமித்தார். மாநிலச் செயலர் ஜெஸ்ஸி வைட் நியமன ஆவணத்தில் மேலொப்பம் (ஆளுநரின் ஒப்பத்தோடு உறுதிக்காக இடும் இரண்டாம் கையொப்பம்) இட மறுத்தார். அவ்வொப்பம் இல்லாத ஆவணத்தோடு ஜனவரி 6 அன்று வாஷிங்டன் சென்ற பரிஸைச் செனட் செயலர் திருப்பி அனுப்பினார். மூன்று நாளில் இல்லினாய் உச்ச நீதிமன்றம், ஆளுநர் நியமித்த அளவிலேயே நியமனம் நிறைவுற்றது என்றும், அது செல்லுபடியாக மேலொப்பம் தேவையில்லை என்றும் தீர்ப்பளித்தது. ஜனவரி 15 அன்று பரிஸ் பதவியேற்றார்.

நியமித்தவர்மேல் படிந்த கறை நியமனத்தின்மேலும் படியுமா என்பதே இங்குள்ள வினா. ‘கறைபட்ட’ என்னும் பெயரெச்சத்தை ‘நியமனம்’ கொண்டு முடித்தால், மாணவர் வழக்கைப் படிக்குமுன்பே நாம் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். ‘கறைபட்ட ஆளுநரின் நியமனம்’ என்ற திருத்தமும் உதவாது. ஆளுநர் நியமித்தாரா, ஆளுநரை நியமித்தனரா என்பதை ஆறாம் வேற்றுமை காட்டாது. குடியரசுத் தலைவர் ஆளுநரை நியமிக்கும் நாட்டில் வாழும் நம் மாணவர் இரண்டாவது பொருளையே கொள்வர். இல்லினாயிலோ ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்.

புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் ‘கறைமிடறு அணியலும் அணிந்தன்று’ என வருவதால் கறை இழிவன்று, ‘மாசு’ என்பதே தகும் என்கிறார் புலவர் ஐயா. மேற்கோள் அழகானது, ஆயினும் இன்றைய வழக்கில் கறை என்றால் குற்றந்தான். ‘நியமனம்’ வடசொல், ‘அமர்த்தம்’ என்க என்று யாழ்ப்பாணத்து அம்மையார் எழுதியதில், அமர்தலுக்கும் அவை இருக்கைக்கும் உள்ள பொருத்தத்தை நானும் விரும்புகிறேன். முதலாண்டு மாணவருக்கு அது அடிக்குறிப்பின்றி விளங்காது என்பதே என் தயக்கம். ‘நியமன உறுப்பினர்’ என்பதையோ நானே தவிர்ப்பேன். புதுச்சேரிச் சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேருக்குமேல் மூவர்வரை நியமிக்கப்படுவதை அறிந்தவர், பரிஸையும் அப்படிக் கூடுதலாக வந்தவர் என்று எண்ணிவிடுவர். அமெரிக்க அரசமைப்பின் 1913ஆம் ஆண்டு 17ஆவது திருத்தப்படி, காலியான இடத்தைத் தேர்தல்வரை நிரப்ப வந்தவர் அவர்.

ஆகவே கலைச்சொல் ‘வெற்றிட நியமனம்’ என்று மட்டும் இருக்கட்டும். கறையைச் சொல்லவேண்டிய இடத்தில் ‘கறைபட்ட ஆளுநர் செய்த வெற்றிட நியமனம்’ என நீட்டியே எழுதலாம்.

ஊற்றுக்கண் கெட்டபின் நீர் மட்டும் தூயதாகுமா என்று சென்னை நண்பர் கேட்டதை இலேசாகத் தள்ளவில்லை. தன் உறுப்பினரின் தகுதியைத் தானே ஆராயும் அதிகாரம் செனட்டுக்கு உண்டு. பரிஸ் விலைகொடுத்தார் என்று மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் நானும் சென்னை நண்பர் பக்கமே நிற்பேன். அப்படி மெய்ப்பிக்கப்படவில்லை. ஆளுநரை மாநில மேலவை 59–0 என நீக்கியது ஜனவரி 29 அன்றுதான். அதுவரை நியமிக்கும் அதிகாரம் அவரிடமே இருந்தது. கைதானதுமே அதிகாரம் போய்விடும் என்றால், மக்கள் தேர்ந்தெடுத்தவரை முடக்க ஒரு கைது ஆணையே போதுமென்றாகும். ஆளுநரின் அண்ணனோடு நடந்த பேச்சுகள் பற்றி முன்னுக்குப்பின் முரணாகச் சொன்னதற்காகச் செனட் நன்னெறிக் குழு பரிஸை 2009 நவம்பரில் கண்டித்ததும் உண்மை. அது பரிஸின் சொந்தக் கறை. நியமனத்தின் செல்லுபடியை அது தொடாது.

இதுவரை பெரும்பான்மையோர் ‘வெற்றிட நியமனம்’ போதும் என்று தனிமடலில் எழுதியுள்ளனர். புலவர் ஐயாவும் சென்னை நண்பரும் இசையவில்லை. அவர்கள் மாற்றுக்கருத்தை இயலின் இறுதியில் விவாத வினாவாகச் சேர்க்கிறேன். ‘மேலொப்பமா, உடனொப்பமா’ என்பது மட்டும் முடியாமல் நிற்கிறது. வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
இயலின் மொழிபெயர்ப்பாளர்