அவசரம்: சிடி ஸ்கேன் படிவத்துக்குச் சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம். சிடி ஸ்கேன் ஒப்புதல் படிவம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஸ்கேன் படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசிக்குப் பிறகு சிலருக்குத் தடிப்பு, அரிப்பு, தும்மல் வரும்; அரிதாக மூச்சுத் திணறும், ரத்த அழுத்தம் சரியும். ஊசிக்கு ‘உறழ்மருந்து’, விளைவுக்கு ‘ஒவ்வாமை’ என்று போட்டிருக்கிறேன். சரியா? மீன், இறால் ஒவ்வாமை உண்டா என்ற கேள்வியும் படிவத்தில் இருக்கிறது.
– மொழிபெயர்ப்பாளர்

> ‘உறழ்மருந்து’

நல்ல வினைத்தொகை! ‘காக்கையிற் கரிது களாம்பழம்’ என்பது உறழ்பொரு, அதாவது வேறுபாடு காட்டும் ஒப்பீடு அல்லவா? கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள உறழ்வைத்தானே ஸ்கேனும் காட்டுகிறது? ‘சாயம்’ மட்டும் வேண்டாம். அது நிறமற்ற மருந்து; அதிலுள்ள அயோடின் எக்ஸ்ரேயை மறிப்பதால்தான் ரத்தக்குழாய் வெளுப்பாகத் தெரிகிறது.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, நோயாளி அதை ‘உளறு மருந்து’ என்று படிப்பார். எனக்கு இடிப்பது ‘ஒவ்வாமை’. பெரும்பாலும் இதில், வழக்கமான ஒவ்வாமையைக் கிளப்பும் ஐஜிஇ எதிர்ப்பொருளுக்கு வேலையில்லை. மருந்தே மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டி, அரிப்பும் வீக்கமும் தரும் ஹிஸ்டமினைக் கொட்டவைக்கிறது. அதனால் முதல் ஊசியிலேயே வரலாம். ‘போலி ஒவ்வாமை’ என்பதே சரி. மீன், இறால் பற்றிய கேள்வியையும் எடுத்துவிடுங்கள். இறாலில் ஒவ்வாதது அதன் புரதம், அயோடின் அல்ல.
– கதிரியக்க மருத்துவர்

போலி என்றால் பொய்யில்லை, போல இருப்பது. மஞ்சு–மைஞ்சு முதற்போலி, அகம்–அகன் கடைப்போலி, ஐந்து–அஞ்சு முற்றுப்போலி...
– தமிழாசிரியர்

ஐயா, ஊசி போட்ட அஞ்சாவது நிமிஷம் முகம் வீங்கி, மூச்சு வாங்கினவருக்கு அட்ரினலின் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். அவர் சீட்டில் ‘போலி’ என்றிருந்தால் போலி டாக்டர், போலி மாத்திரை வரிசையில்தான் வீட்டார் சேர்ப்பார்கள். நான் வாயால் கேட்பது இதுதான்: “இதுக்கு முன்னாடி இந்த ஊசி ஒத்துக்காமப் போயிருக்கா?” உடனே பதில் வரும். “உடம்பு சூடாச்சு, ஒண்ணுக்கு வர்ற மாதிரி இருந்துச்சு” என்பவர்களும் உண்டு. அது பலருக்கும் வருவது. ஒவ்வாமைக் கணக்கில் எழுதமாட்டோம்.
– ஸ்கேன் பிரிவுச் செவிலி

செவிலியம்மா சொல்லும் ‘ஒத்து’க்கும் ‘ஒவ்வு’க்கும் ஒரே வேர். ஒவ்வாமை எதிர்மறைத் தொழிற்பெயர். அதில் ஐஜிஇ எங்கே வந்தது? 1906-இல் ஆஸ்திரிய மருத்துவர் பிர்கே படைத்த ‘அலர்ஜி’யிலும் இல்லை. கிரேக்கத்தில் ‘வேறு’, ‘செயல்’, அவ்வளவே.
– தமிழாசிரியர்

மாணவருக்கு ஐஜிஇ-யால் வருவதையும் அது இல்லாமல் வருவதையும் பிரித்துக்காட்ட எனக்கு ஒரு சொல் வேண்டும். வகுப்பில் ‘போலி ஒவ்வாமை’ என்றுதான் சொல்வேன்.
– மருத்துவர்

அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன்: ‘கான்ட்ராஸ்ட் ஊசி ஒவ்வாமை’. கேள்வி செவிலியம்மா கேட்கிறபடியே. இறால் போயிற்று.
– மொழிபெயர்ப்பாளர்

‘கான்ட்ராஸ்ட்’டுக்கு நான் உடன்படவில்லை என்று பதிவு செய்க. அடுத்த பதிப்பில் ‘உறழ்மருந்து’ அடைப்புக்குறிக்குள்ளாவது வரட்டும்.
– தமிழாசிரியர்