தெற்கு பார்த்த போர்டிகோவில் குண்டுமல்லி: கொடி ஓடுகிறது, மொட்டு வைக்கவில்லை

தென்வாசல்:
வணக்கம். தாம்பரம் பக்கம் தனி வீடு, தெற்கு பார்த்த வாசல். போர்டிகோவில் 14 இஞ்ச் பிளாஸ்டிக் தொட்டியில் குண்டுமல்லி இருக்கிறது. ஜனவரியில் தொட்டி மேல் நல்ல வெயில் விழுந்தது, அதனால்தான் அந்த இடத்தில் வைத்தோம். இப்போது மே மாதம். ஊரெல்லாம் மல்லி கொட்டும் நேரத்தில் இந்தச் செடி கொடி மாதிரி நீண்டு கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. மொட்டு அபூர்வம். வந்த நாலைந்தும் ஊதா நிறமாகி உதிர்ந்துவிட்டன. புது இலைகள் வெளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை.

தண்ணீர்: போர் தண்ணீர், தினமும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது.
உரம்: மண்புழு உரம் மாதம் இரண்டு கைப்பிடி, 15 நாளுக்கு ஒருமுறை யூரியா ஒரு ஸ்பூன், முட்டை ஓட்டுத் தூள், அரிசி கழுவிய தண்ணீர்.

என்ன குறை? இன்னும் எந்த உரம் போடலாம்?

மொட்டைமாடி:
டிஏபி உரம் பத்து குருணை போட்டுப் பாருங்க சார், மொட்டு வெடிச்சுக்கிட்டு வரும். புளிச்ச மோரும் ஊத்துங்க, மஞ்சள் போயிடும்.

பதியன்:
தென்வாசல், கொஞ்சம் பொறுங்கள். இன்னும் எதுவும் போடாதீர்கள். உங்கள் தொட்டியில் மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் ஒன்றாகத் தெரிகின்றன. கொடி ஓடுவது வெயில் பற்றாமல். புது இலை மஞ்சளாவது தண்ணீராலும் சுண்ணாம்பாலும். ஊதா மொட்டு பூச்சியால். மூன்றுக்கும் உரம் மருந்தல்ல. யூரியாவை முதலில் நிறுத்துங்கள். நிழலில் நிற்கும் செடிக்கு யூரியாவில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) கொடுத்தால் கொடிதான் ஓடும்.

மாற்று வழி சொல்வதற்கு முன் நான்கு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்:

1. காம்புக்கு ஒரே இலையா, சிற்றிலைகள் வரிசையாகவா? ஒற்றை இலை என்றால் குண்டுமல்லிதான். ஒரு காம்பில் ஐந்து, ஏழு என்று சிற்றிலை இருந்தால் அது ஜாதிமல்லி. அதன் போக்கே கொடி.
2. காலை 9, பகல் 12, மாலை 3 மணிக்கு வெயில் எதுவரை விழுகிறது என்று தரையில் சாக்பீஸ் கோடு போடுங்கள். கையை நீட்டினால் நிழல் கத்தரித்தது போல விளிம்போடு விழ வேண்டும். மங்கலான நிழல் வெளிச்சம்தான், வெயில் இல்லை.
3. விளிம்பில் படிந்த வெள்ளையைச் சுரண்டி, அதன் மேல் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைக்காவிட்டால் வேறு உப்பு.
4. ஊதா மொட்டு ஒன்றைப் பிளேடால் நீளவாக்கில் கீறி உள்ளே பாருங்கள்.

செம்மண்:
பதியன் அக்கா சொன்ன இரண்டாவது சோதனையின் விடையை வானமே சொல்லிவிடும். தெற்கு வாசலில் ஜனவரி வெயிலை நம்பித் தொட்டி வைப்பதுதான் சென்னையில் எல்லாரும் ஏமாறுகிற இடம்.

சென்னை கிட்டத்தட்ட 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. போர்டிகோவின் மேல்தளம் (கூரை) 10 அடி உயரம் என்றால் அப்போது உச்சி வெயில் தள விளிம்பிலிருந்து ஆறேழு அடி உள்ளே வரும். ஏப்ரல் கடைசி வாரம் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, அதன் பிறகு வடக்கே தாண்டிவிடுகிறது. ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை வடக்கேதான். அந்த நாலு மாதமும் தெற்குச் சுவரில் நேர் வெயில் படவே படாது. தளத்துக்குக் கீழே இருக்கிற தொட்டிக்குச் சொல்லவே வேண்டாம். குண்டுமல்லி பூக்கிற பருவம் மார்ச் முதல் அக்டோபர் வரை. ஆக, செடிக்கு வெயில் வேண்டிய காலத்தில் உங்கள் போர்டிகோ நிழல், செடி ஓய்வெடுக்கிற காலத்தில் வெயில். நேர் தலைகீழ்.

தினமும் ஐந்தாறு மணி நேர நேர் வெயில் இல்லாமல் குண்டுமல்லி சரியாக மொட்டுக் கட்டாது.

மோர் பற்றி: ஒரு டம்ளர் மோர் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை நகர்த்தாது. எறும்பும் வாடையும்தான் மிச்சம்.

தென்வாசல்:
பார்த்துவிட்டேன். ஒற்றை இலைதான். தொட்டி இருக்கும் இடத்தில் மூன்று வேளையும் வெயில் இல்லை. தளத்தைத் தாண்டி இரண்டடி தள்ளி, கார் நிற்கும் சிமெண்ட் தரையில் காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி தாண்டி வெயில் இருக்கிறது. வினிகர் விட்டதும் பொங்கியது. ஒரு மொட்டின் அடி வீங்கி இருந்தது, உள்ளே நூல் முனை அளவு வெளிறிய புழுக்கள் நாலைந்து. இன்னொன்றில் ஓட்டை மட்டும், புழு இல்லை.

பதியன்:
அப்படியானால் வரிசையாகச் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம், செடி தாங்காது.

முதலில் இடம். தளத்துக்கு வெளியே கொண்டு போங்கள், ஆனால் நிழலில் வளர்ந்த இலையை மே மாத உச்சி வெயிலில் ஒரேயடியாக வைத்தால் இலை வெளுத்துக் கருகும். முதல் மூன்று நாள் காலை வெயில் மட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எட்டுப் பத்து நாளில் முழு வெயில். தொட்டியைச் சிமெண்ட் தரையில் நேரடியாக வைக்காதீர்கள். இரண்டு செங்கல் மேல் வையுங்கள். அடித் துளை அடைபடாது, தரைச் சூடும் வேருக்கு ஏறாது. ஈரத்தோடு அந்தத் தொட்டி 25, 30 கிலோ இருக்கும், சக்கரத் தட்டு வாங்கினால் இடுப்பு பிழைக்கும்.

வெயிலுக்குப் பழகியதும் கவாத்து. நீண்ட கொடிகளில் மூன்றில் ஒரு பங்கை, கணுவுக்கு அரை இஞ்ச் மேலே, சாய்வாக வெட்டுங்கள். குச்சி போல் மெலிந்தவை, உள்நோக்கிப் போகிறவை, காய்ந்தவை அடியோடு போகட்டும். குண்டுமல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கொடியை வைத்துக்கொண்டு காத்திருப்பதில் பயனில்லை. நாலைந்து வாரத்தில் துளிர் நுனியில் மொட்டுத் தெரிய வேண்டும். ஒவ்வொரு சுற்றுப் பூ முடிந்ததும் நுனியில் இரண்டு கணு கிள்ளிவிடுங்கள். ஆழமான கவாத்து இப்போது வேண்டாம். அது நவம்பர் கடைசியில், மண்ணிலிருந்து ஒன்றரை அடி விட்டு.

தண்ணீர். போர் தண்ணீரில் வரும் சுண்ணாம்பு ஒரு பக்கம், நீங்கள் போட்ட முட்டை ஓடு இன்னொரு பக்கம். முட்டை ஓடும் அதே கால்சியம் கார்பனேட்தான். மண்ணில் காரம் கூடினால் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அதனால்தான் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் புது இலையில் தெரிகிறது. பழைய அடி இலை முழுக்க மஞ்சளானால் அது வேறு கதை, தழைச்சத்துக் குறை.

உடனடி நிவாரணம் அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட், இரும்புச் சத்து தரும் உப்பு): ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அரை எலுமிச்சைச் சாறு, இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரண்டு பக்கமும் நனையத் தெளியுங்கள். புது இலை பச்சையாக வரும்வரை மாதம் ஒருமுறை போதும். வாங்கும்போது நிறம் பாருங்கள். வெளிர் பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். பழுப்பேறிய தூள் ஆக்சிஜன் ஏறிக் கெட்டது, செடிக்கு எட்டாது. கரைசலை வைத்திருக்காமல் உடனே தெளியுங்கள். டைல்ஸ் மேல் பட்டால் துருக்கறை போகவே போகாது, அடியில் பழைய சாக்கு விரியுங்கள்.

செம்மண்:
இதோடு ஒன்று சேர்க்கிறேன். தெளிப்பு இலைக்கு மட்டும்தான். வேர் வழியே கொடுக்க வேண்டுமானால் உரக்கடையில் சீலேட்டட் இரும்பு (மண்ணில் சிக்காமல் வேருக்குக் கிடைக்கும்படி வேறொரு சேர்மத்தோடு பிணைத்த இரும்பு) கேட்பீர்கள், எடுத்ததும் இடிடிஏ (EDTA) வகையைக் கொடுப்பார்கள். சுண்ணாம்பு மண்ணில் அது நிலைக்காது. இடிடிஹெச்ஏ (EDDHA) என்று அட்டையில் போட்டிருக்கும் கருஞ்சிவப்புத் தூள்தான் வேலை செய்யும். 2 கிராம், ஒரு லிட்டரில் கரைத்து, ஈர மண்ணில் ஊற்றுங்கள். விலை அதிகம், ஒரு தொட்டிக்கு அன்னபேதியே போதும் என்பது என் கருத்து.

உப்பைக் கழுவ, மாதம் ஒருமுறை தொட்டி கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியால் முழுக்க வடிய விடுங்கள். மழைத் தண்ணீர் உத்தமம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் உப்பில்லாதது, பிடித்து வைத்து ஊற்றலாம். ஆர்ஓ கழிவுத் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். போர் தண்ணீரின் உப்பே அதில் இன்னும் செறிந்து வரும்.

தினமும் ஊற்றுகிற வழக்கத்தையும் விடுங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் விட்டு, ஈரம் ஒட்டவில்லை என்றால் ஊற்றுங்கள். வெயிலுக்குப் போனதும் தினமும் தேவைப்படலாம், நிழலில் இருந்தபோது தேவைப்பட்டிருக்காது.

மொட்டைமாடி:
சரி, டிஏபி வேணாம்னா எப்பதான் உரம் வைக்கிறது? பட்டினி போட்டா பூக்குமா?

செம்மண்:
பட்டினி இல்லை அண்ணா, கணக்கு மாறணும். நிலத்தில் நிற்கும் ஒரு மல்லிச் செடிக்கு வருடத்துக்கு 60 கிராம் தழைச்சத்து, 120 மணிச்சத்து (பாஸ்பரஸ்), 120 சாம்பல் சத்து (பொட்டாசியம்) என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. நவம்பர் கவாத்து முடிந்ததும் பாதி, ஜூன்–ஜூலையில் பாதி. அந்த விகிதத்தைக் கவனியுங்கள், தழைச்சத்து மற்ற இரண்டில் பாதிதான். தொட்டிக்கு அளவில் கால்வாசி போதும். இயற்கை உரம் என்றால் எலும்புத் தூள் 50 கிராம், வேப்பம் பிண்ணாக்கு 50 கிராம், நன்றாக மட்கிய தொழு உரம் இரண்டு கைப்பிடி, மேல் மண்ணைக் கிளறிக் கலந்து மூடுங்கள். எலும்புத் தூளிலும் கால்சியம் உண்டு, அதனால் தென்வாசல் இந்த வருடம் அதைத் தவிர்க்கலாம்.

தென்வாசல்:
புழுவுக்கு என்ன செய்வது? பூவைச் சாமிக்கும் வைக்கிறோம், தலையிலும் வைக்கிறோம். விஷ மருந்து வேண்டாம்.

பதியன்:
நீங்கள் பார்த்தது இரண்டு பூச்சி. அடி வீங்கி உள்ளே பொடிப் புழு இருந்தது மொட்டு ஈ. ஓட்டை போட்டது மொட்டுப்புழு. பச்சை உடம்பு, கருந்தலை, சில சமயம் பக்கத்து மொட்டுகளை நூலால் பின்னிவைக்கும்.

ஊதாவான மொட்டு, வீங்கிய மொட்டு எல்லாவற்றையும் தினமும் காலையில் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். தொட்டியிலேயே உதிர விடாதீர்கள். மொட்டு ஈயின் புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகும். வாரம் ஒருமுறை மேல் மண்ணை ஒரு இஞ்ச் கிளறி வெயில் காட்டுங்கள், வேப்பம் பிண்ணாக்கு அங்கேயும் உதவும். மொட்டு கடுகு அளவில் இருக்கும்போதே வேப்பெண்ணெய் 5 மில்லி, சோப்புத் திரவம் 1 மில்லி, வெதுவெதுப்பான தண்ணீர் 1 லிட்டர்: சோப்பும் எண்ணெயும் முதலில் குழைத்து, பிறகு தண்ணீர். மாலையில், ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை. மொட்டுப்புழு மட்டும் தொடர்ந்தால் பி.டி. (Bt, புழுவைக் கொல்லும் பாக்டீரியா) பொடி லிட்டருக்கு 1 கிராம் தெளிக்கலாம். அது மொட்டு ஈயை ஒன்றும் செய்யாது, அதற்காக வாங்காதீர்கள். அன்னபேதியும் வேப்பெண்ணெயும் ஒரே நாளில் வேண்டாம், நடுவில் நாலு நாள் விடுங்கள்.

தென்வாசல்:
மிக்க நன்றி அக்கா, செம்மண் சாருக்கும். கடைசியாக ஒன்று. மல்லி வெளியே போய்விட்டால் போர்டிகோவில் எது பூக்கும்?

செம்மண்:
இப்போதைக்குக் கனகாம்பரம். தள விளிம்பை ஒட்டி, நல்ல வெளிச்சமுள்ள அரை நிழலில் பூக்கும். அக்டோபர் பாதியில் தெற்கு வெயில் திரும்பி வரும். அப்போது செவ்வந்தி, டிசம்பர் பூ இரண்டும் உங்கள் வாசலுக்கு ஏற்றவை. செவ்வந்தி இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். போர்டிகோ எல்ஈடி விளக்கு விடிய விடிய எரிந்தால் பொழுது நீண்டதாக எடுத்துக்கொண்டு இலையாகவே வளரும். ஆகவே விளக்கை அணையுங்கள், அல்லது தொட்டியை விளக்கொளி படாத ஓரத்தில் வையுங்கள்.