டயர் விளக்கு எரிகிறது, பெட்ரோல் முள் நகரவில்லை: லெனேசியாவில் நிற்கிறோம், ஞாயிறு டர்பன் திரும்பணும்

சாட்ஸ்வர்த்_வீட்டுக்காரி

எல்லாருக்கும் வணக்கம். மாரியம்மனுக்கு ஆடிக் கூழ் ஊற்ற வியாழக்கிழமை டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு வந்தோம். வண்டி நாலு வருஷ ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்தது), 43 லிட்டர் டேங்க். நான், வீட்டுக்காரர், மாமியார், பிள்ளைகள் ரெண்டு பேர், டிக்கி நிறைய சாமான்.

வெள்ளி காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்தேன். கண்ணாடி முழுக்க உறைபனி. குதிரை லாடம் மாதிரி வளைவுக்குள்ளே ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. கொஞ்ச தூரம் ஓட்டியதும் அணைந்துவிட்டது. இன்றைக்குக் காலையும் அதே கதை. பக்கத்தில் ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். டயரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், டயர் காற்றை அளக்கும் நாலு சென்சாரும் போய்விட்டது, மாற்றணும் என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு நெஞ்சே அடைத்துவிட்டது.

இன்னொன்று. வரும் வழியில் ஹாரிஸ்மித்தில் 15 லிட்டர் போட்டோம், ரசீது இருக்கிறது. ஆனால் முள் கால் டேங்கிலேயே நின்றது. அங்கிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர் வந்த பிறகுதான் மெதுவாக ஏற ஆரம்பித்தது. டர்பனில் கிளம்பும்போது டேங்க் முழுசாகக்கூட இல்லை, இன்னும் 610 கி.மீ. போகலாம் என்று காட்டியது. வான் ரீனன் மலை ஏறி முடிப்பதற்குள் அந்தக் கணக்கு மளமளவென்று சரிந்துவிட்டது. டேங்க் எங்கேயாவது ஒழுகுகிறதா? பிள்ளைகளை வைத்துக்கொண்டு 570 கிலோமீட்டர் திரும்பிப் போகணும், பயமாக இருக்கிறது.

லெனேசியா_ரோட்

தங்கச்சி, சென்சாருக்கு ஒரு ரேண்ட் கூடக் கொடுக்காதே. முதலில் இதற்குப் பதில் சொல்லு. விளக்கு எரிய ஆரம்பிக்கும்போது ஒரு நிமிஷம் போல விட்டு விட்டு மின்னிவிட்டு அப்புறம் நிலையாக எரிகிறதா, இல்லை எடுத்த எடுப்பிலேயே நிலையாக எரிகிறதா? கடைசியாகக் காற்று அடித்தது எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம் ஓட்டிய பிறகு? ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கர் இருக்கும், அதில் என்ன அளவு போட்டிருக்கிறது? ஹாரிஸ்மித்தில் பெட்ரோல் போட்டபோது வண்டியை ஆஃப் செய்தீர்களா?

சாட்ஸ்வர்த்_வீட்டுக்காரி

மின்னவில்லை அண்ணா, எடுத்ததுமே நிலையாக எரிகிறது. காற்று அடித்தது புதன் மாலை நாலரைக்கு. வேலை முடிந்து, பிள்ளைகளை ஸ்கூலிலிருந்து கூட்டிக்கொண்டு, அப்படியே பெட்ரோல் கராஜுக்குப் போனேன். முக்கால் மணி நேரம் ஓட்டியிருப்பேன். காற்று அடிக்கும் பையன் "2.2 பார் அழுத்தமா?" என்று கேட்டான், சரி என்றேன். ஸ்டிக்கரில் 2.4 என்று இருக்கிறது, இப்போதுதான் பார்க்கிறேன்.

ஹாரிஸ்மித்தில் ஆஃப் செய்யவில்லை. மாமியாருக்குக் குளிர் தாங்காது, ஹீட்டர் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். எஞ்சின் சத்தமே இல்லையே, அதனால் பெட்ரோல் போட்டவரும் ஒன்றும் சொல்லவில்லை.

லெனேசியா_ரோட்

எல்லாம் வெளிச்சமாகிவிட்டது.

சென்சாரோ அதன் பேட்டரியோ போனால் விளக்கு முதலில் ஒரு நிமிஷம் ஒன்றரை நிமிஷம் மின்னும், பிறகுதான் நிலைக்கும். எடுத்ததுமே நிலையாக எரிந்தால் சென்சார் வேலை செய்கிறது, காற்றுதான் குறைவு. அதோடு, சென்சார் பேட்டரி சாதாரணமாக ஐந்திலிருந்து பத்து வருஷம் வரும். நாலு வருஷ வண்டியில் நாலும் ஒரே நாளில் சாகாது.

இப்போது காற்றுக் கணக்கு. ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு குளிர்ந்த டயருக்கு. முக்கால் மணி நேரம் ஓடிய டயரில் சூட்டினாலேயே 0.2, 0.3 பார் கூடியிருக்கும். நீ சூட்டில் 2.2 அடித்தாய், ஆறியதும் அது 1.95 பக்கம் வந்திருக்கும். பத்து டிகிரி குறைந்தால் ஏறக்குறைய 0.1 பார் குறையும். புதன் மாலை டர்பனில் இருபத்தைந்து டிகிரி என்று வைத்துக்கொள், இங்கே விடியற்காலை பூஜ்யத்துக்கும் கீழே. அப்படிப் பார்த்தால் 1.7க்குக் கீழேயே போயிருக்கணும். அவ்வளவு போகாததற்குக் காரணம் நம் ஊரின் உயரம். கடலோரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 1 பார். இங்கே ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் 0.83, 0.84தான். அளவுமானி காட்டுவது உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். வெளியே குறைந்தால் அந்த அளவு கூடத் தெரியும். குளிர் பிடுங்கியதில் பெரும்பங்கை உயரம் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆனாலும் சொன்ன அளவிலிருந்து 20, 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரியும். உன் டயர் சரியாக அந்த எல்லையில் நிற்கிறது. ஓட்டிச் சூடானதும் அணைவதும் அதனால்தான்.

நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன்னாலேயே நாலு டயரையும் அள. பக்கத்து கராஜுக்கு மெதுவாகப் போய் 2.4 அடி. சில வண்டிகளில் காற்று அடித்த பிறகு ரீசெட் பண்ணணும். அதைக் காற்றைச் சரிசெய்த பிறகுதான் பண்ணணும். குறைந்த காற்றில் ரீசெட் செய்தால் அந்தக் குறைவையே சரியான அளவென்று வண்டி எடுத்துக்கொள்ளும், அப்புறம் எச்சரிக்கை வரவேண்டிய நேரத்தில் வராது. டர்பன் இறங்கியதும் காற்றைக் குறைக்கணுமோ என்று குழம்பாதே. கீழே வெப்பம் கூட்டும், வெளி அழுத்தம் குறைக்கும், ரெண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும்.

மாரிட்ஸ்பர்க்_டயர்

அண்ணன் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன் அக்கா. நாலும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் குளிர். ஒன்று மட்டும் மற்றதைவிட 0.1, 0.2 தாழ்ந்திருந்தால் அங்கே கசிவு. சோப்புத் தண்ணீரை வால்வு வாயிலும் அடியிலும் தடவிப் பாருங்கள். பெரிய கசிவாக இருந்தால் உடனே குமிழி கிளம்பும். சின்னதாக இருந்தால் வால்வு வாயில் ஒரே ஒரு சோப்பு முட்டை, கடுகளவில் தொடங்கி அரை நிமிஷத்தில் பட்டாணி அளவு வரும், உடையும், மறுபடியும் வரும். அவசரப்பட்டு எழுந்துவிடாதீர்கள்.

வால்வுக்குள் இருக்கும் ஊசியை மாற்றச் சொன்னால், சென்சார் வைத்த அலுமினிய வால்வுக்கு நிக்கல் பூசிய ஊசிதான் போடணும். பித்தளை ஊசி போட்டால் ரெண்டு உலோகமும் சேர்ந்து அரித்து உள்ளேயே இறுகிவிடும். அப்புறம் நிஜமாகவே சென்சாரை மாற்ற வேண்டியதாகிவிடும். இந்தத் தப்பை வாரத்துக்கு ஒன்று பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் டிக்கி தரையைத் தூக்கிப் பாருங்கள். பல ஹைபிரிட்டில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட் மட்டும்தான்.

தோங்காட்_ஐயா

மகளே, பெட்ரோல் விஷயம் நான் சொல்கிறேன். டேங்க் ஒழுகினால் பெட்ரோல் வாசம் வரும், நின்ற இடத்தில் ஈரம் இருக்கும். ரெண்டும் இல்லையென்றால் பயம் வேண்டாம்.

வண்டி ஓடும்போது டேங்குக்குள் பெட்ரோல் அலைபாயும். முள் அதோடு சேர்ந்து ஆடக்கூடாது என்பதற்காக மிதவை சொல்வதை நிமிஷக்கணக்கில் சராசரி போட்டுத்தான் காட்டுவார்கள். வண்டியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யும்போதுதான் மட்டத்தைப் புதிதாகப் படிக்கும். நீ வண்டி ஆனில் இருக்கிறது என்று காட்டும் "ரெடி" விளக்கு எரியும்போதே போட்டாய், அதனால் பழைய சராசரியிலிருந்து ஊர்ந்து ஏறியது. பல கையேட்டில் இது அச்சிட்டே இருக்கும். ஐந்து லிட்டருக்குள் போட்டால் ஆஃப் செய்தாலும் சில நேரம் தெரியாது.

அதைவிடப் பெரிய விஷயம்: ரெடியில் இருக்கும் ஹைபிரிட்டில் எஞ்சின் எந்த நொடியும் தானாகக் கிளம்பும். குழாய் டேங்குக்குள் இருக்கும்போது அது கிளம்பக்கூடாது. நம் நாட்டில் பெட்ரோலை அவர்கள் போட்டுவிடுவதால் நாம் இறங்குவதே இல்லை. சாதா வண்டி ஓடினால் அவர்களே கையைக் காட்டி அணைக்கச் சொல்வார்கள், இது சத்தம் போடாததால் அவர்களுக்கும் தெரிவதில்லை. குளிரென்றால் மாமியாருக்கு ஒரு சால்வை போர்த்து, வண்டியை ஆஃப் செய்.

எத்தனை கி.மீ. போகும் என்ற எண், சமீபத்தில் நீ ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் கணக்கு. டர்பனுக்குள் ரோபோவுக்கு ரோபோ (சிக்னலுக்குச் சிக்னல்) நின்று ஓடும்போதுதான் ஹைபிரிட் மிச்சம் பிடிக்கும். N3 நெடுஞ்சாலையில் அஞ்சு பேரோடு 120இல் மலை ஏறினால் பேட்டரி உதவி கொஞ்சம்தான். அந்த எண்ணை நம்பிக் காலி டேங்க் வரை இழுக்காதே. பெட்ரோல் தீர்ந்தால் பேட்டரியில் கொஞ்ச தூரம்தான் போகும். பல ஹைபிரிட்டில் எஞ்சினைக் கிளப்புவதே அந்தப் பெரிய பேட்டரிதான். அதையும் வற்ற விட்டால் பெட்ரோல் ஊற்றினாலும் கிளம்பாது, கம்பெனிக்குத்தான் இழுத்துப் போகணும்.

சந்தேகம் தீரணுமென்றால்: ஆஃப் செய்து, குழாய் முதல் "கிளிக்" சொல்லும் வரை போடு, அதற்கு மேல் திணிக்காதே. வண்டியின் ட்ரிப் கி.மீ. மீட்டரைப் பூஜ்யமாக்கு. டர்பனில் மறுபடி முதல் கிளிக் வரை போட்டு, லிட்டரையும் கிலோமீட்டரையும் இங்கே எழுது.

சாட்ஸ்வர்த்_வீட்டுக்காரி

நேற்று ராத்திரி பத்திரமாக வந்து சேர்ந்தோம். ஞாயிறு காலை அளந்தது: முன்னால் 1.9, 1.9. பின்னால் வலது 1.85, இடது 1.7. கராஜில் நாலுக்கும் 2.4 அடித்தேன், விளக்கு வரவேயில்லை. இன்று காலை இங்கே மூன்று டயர் 2.4, இடது பின் மட்டும் 2.2. பிள்ளையை விட்டுப் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்துத் தடவினோம். வால்வு வாயில் தம்பி சொன்ன மாதிரியே ஒரே ஒரு முட்டை, ஊதி ஊதி உடைகிறது. மாமியார்கூடக் குனிந்து பார்த்தார்.

பெட்ரோல்: ரெண்டு இடத்திலும் ஆஃப் செய்தேன், ஆன் செய்த உடனே முள் மேலே போய் நின்றது. 561 கி.மீ.க்கு 31.4 லிட்டர். ஐயா, இது சரியான கணக்குதானே?

தோங்காட்_ஐயா

நூறு கி.மீ.க்கு 5.6 லிட்டர். இறக்கம் அதிகமான வழி, அஞ்சு பேர், சாமான். சரியான கணக்குதான், டேங்க் ஒழுகவில்லை.

மாரிட்ஸ்பர்க்_டயர்

இடது பின் வால்வுக்கு நிக்கல் ஊசி அக்கா. கடையில் டப்பாவைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு அதே சோப்புத் தண்ணீரை இன்னொரு தடவை தடவுங்கள்.