பொருள்: கிராவல் குவாரிக் குழி – கன்று நடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

குவாரிக் குழியில் ஆயிரம் மரக்கன்று நடலாம், அதற்கு ஆளுக்கு ஐயாயிரம் போடலாம் என்று துபாய் அண்ணன் எழுதியிருந்தார். எல்லோரும் சரி என்று சொல்லிவிட்டீர்கள். ஊர்மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறை எனக்குத் தெரியும். ஆனாலும் இப்போது இருக்கிற நிலையில் நட்டால், பெரும்பாலான கன்றுகள் அடுத்த சித்திரை வெயிலைத் தாண்டாது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். மேல்மண் கொஞ்சமும் இல்லை. சரளையும் போய் அடியில் சுக்கான் பாறை தெரிகிறது. டிப்பர் லாரிகள் ஓடி ஓடித் தரை இறுகிக் கிடக்கிறது, கடப்பாரை கூட இறங்கவில்லை. அதில் அடிக்கு அடி குழி பறித்துக் கன்று வைத்தால் வேர் எங்கே போகும்?

குழியை மூடிவிடலாமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. ஓர் ஏக்கரைப் பத்தடி ஆழம் வெட்டினால் 4,356 யூனிட் மண் வரும். மூன்று யூனிட் ஏற்றும் வண்டியில் அது ஏறக்குறைய 1,450 நடை. நம் குழி ஓர் ஏக்கரைவிடப் பெரியது. அவ்வளவு மண்ணைக் கொண்டுவர இன்னோர் ஊரின் கரட்டை, அதாவது சிறு குன்றைத்தான் வெட்ட வேண்டும், அதற்கு நாம் துணைபோகக் கூடாது. டவுனிலிருந்து கட்டட இடிபாட்டை இலவசமாகக் கொட்டித் தருகிறோம் என்று ஒருவர் கேட்டு வந்ததாகவும் சொன்னார்கள். அதற்கு யாரும் தலையாட்டிவிடாதீர்கள். இடிபாட்டோடு குப்பையும் வரும், குப்பையின் சாறு கீழிறங்கிக் கிணற்றில் சேரும்.

மரத்தைவிட எனக்குப் பெரிய கவலை கண்மாய்தான். நம்முடையது வைகைத் தண்ணீர் எட்டிப் பார்க்காத மானாவாரிக் கண்மாய். மதுரைப் பக்கம் ஆண்டுக்குப் பெய்வதே சுமார் 850 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான். கரட்டில் விழுகிற மழை ஓடையாகி, வரத்துக்காலில் சேர்ந்து கண்மாய்க்கு வந்தது. இப்போது அந்த ஓடைக்கு நடுவே குழி கிடக்கிறது. முதல் மழைத் தண்ணீர் முழுவதையும் அதுவே வாங்கிக்கொள்கிறது. மழை பெய்தும் கண்மாய் நிறைந்து மறுகால் போகவில்லையே என்று பெரியவர்கள் புலம்புவதற்கு இது முக்கியமான காரணம்.

குழியில் தண்ணீர் நின்றால் கிணறு ஊறுமே என்று சிங்கப்பூர் மாமா எழுதியிருந்தார். அதில் பாதி உண்மை இருக்கிறது, பக்கத்துக் கிணறு இரண்டொன்றில் ஊற்று கூடலாம். ஆனால் சரளை இருந்தபோது அதுவே தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கீழே விட்டது. அதை வெட்டிவிட்டதால் தண்ணீர் திறந்தவெளியில் நின்று வெயிலில் ஆவியாகிறது. அதோடு ஆயக்கட்டுக்கு, அதாவது கண்மாய்ப் பாசன வயல்களுக்குப் போக வேண்டிய தண்ணீர் அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுவர்போல நிற்கும் கரை, அடியில் சகதி, எங்கே ஆழம் என்று தெரியாத கலங்கல் தண்ணீர். குவாரிக் குட்டையில் குளிக்கப் போன பிள்ளைகள் இறந்த செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் போகிறார்கள். நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

அதனால் முதல் வேலை குழியின் கரையைச் சரிவாக்குவது. ஓர் அடி உயரத்துக்கு மூன்றடி சரிவு இருந்தால் ஆடு மாடு பயமில்லாமல் ஏறி இறங்கும், மழையிலும் மண் சரியாது. வெளியிலிருந்து மண் வாங்க வேண்டியதில்லை. மேல்விளிம்பை வெட்டி அடியில் தள்ளினாலே பெரும்பாலும் போதும். அது முடியும்வரை சுற்றிலும் வேலி வேண்டும். அடுத்தது ஓடை. குழியைச் சுற்றி வாய்க்கால் வெட்டிப் பழைய வரத்துக்காலோடு சேர்க்க வேண்டும். இதை நீர்மட்டம் பார்க்கத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும், கண்ணால் பார்த்து வெட்டினால் தண்ணீர் திரும்பவும் குழிக்கே போகும்.

அப்புறம்தான் தரை. ஜேசிபியால் ஆழமாகக் கீறிவிட்டு, கண்மாய் வண்டலைப் பரப்பலாம். விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. குவாரி நிலத்துக்கும் அப்படித் தருவார்களா என்று தாலுகா ஆபீசில் எழுதிக் கேட்க வேண்டும். முதல் வருடம் மரமே வேண்டாம், கொழுஞ்சி விதைப்போம். சரளையிலும் வரும், மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும், ஆடு மாடும் அதை அவ்வளவாகத் தொடாது. அடுத்த வருடம் புரட்டாசிக் கடைசியில் வேம்பு, புங்கை, வாகை, உசிலை, சரிவில் வெட்டிவேர் என்று வைக்கலாம். சும்மா விட்டால் சீமைக்கருவேலம் முந்திக்கொள்ளும். இப்போதே ஓரத்தில் முளைத்திருக்கிறது.

பணம் பற்றி நான் கறாராகச் சொல்கிறேன். சுரங்க வேலை முடிந்த நிலத்தில் குத்தகைக்காரரே மறுபடி புல் வளர்த்து, தீவனமும் செடிகொடியும் உயிரினங்களும் தழைக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 8 அன்று உத்தரவிட்டது. செலவும் அவருடையதே. சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதங்களில் அதை நிபந்தனையாகச் சேர்க்கவும் சொன்னது. நம் குவாரிக்குக் கொடுத்த கடிதத்தை, சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான அரசின் பரிவேஷ் இணையதளத்தில் தேடி எடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனைகளை நிறைவேற்றியதாகக் குத்தகைக்காரர் அறிக்கை தந்திருக்க வேண்டும், அதையும் கேட்போம். குவாரிகளிலிருந்து வசூலாகும் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியும் கலெக்டர் பொறுப்பில் இருக்கிறது. பாதிக்கப்பட்ட ஊர்களுக்காகவே ஏற்பட்ட நிதி அது. இவற்றைக் கேட்காமல் நாம் முதலில் பணத்தை இறக்கினால், பொறுப்புள்ளவர்கள் கையைக் கழுவிக்கொள்வார்கள். நம் பணம் தண்ணீர் ஊற்றவும் காவலுக்கும் வேண்டும். மூன்று வருடமாவது பார்க்க ஆள் இல்லாத கன்று பிழைக்காது.

மே 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர ஊரில் இருப்பவர்கள் இசைந்திருக்கிறார்கள். தீர்மான வரைவை நான் எழுதுகிறேன். நிலம் அரசுப் புறம்போக்கு என்பதால் சர்வே எண்ணும் புலப்படமும் தேவை. பெங்களூரில் இருக்கும் நம் சிவில் படித்த தம்பிகள் யாராவது ஒரு சனி, ஞாயிறு வந்து மட்டம் பார்த்துத் தர முடியுமா? வர முடிகிறவர்கள் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள். துபாய் அண்ணன் கோபப்படாமல், வசூலை மட்டும் கிராம சபை முடியும்வரை நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.