ஒரு கை எப்போதும் சைக்கிளைப் பிடித்திருக்கும்: வண்டியில் ஏற்றி இறக்கிய அனுபவங்கள்

கோவையிலிருந்து:

தோள்பட்டை ஆபரேஷன் முடிந்து ஏழாவது மாதம், இனி சைக்கிள் ஓட்டலாம் என்றார் டாக்டர். ஓட்டுவதில் சிரமமே இல்லை. சிறுவாணி ரோடு வரை கொண்டுபோக அதை இன்னோவாவின் கூரையில் ஏற்றுவதுதான் பெரும்பாடு. கூரை ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. 14 கிலோ சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி, சக்கரங்களைக் கூரை ரேக்கின் தடத்தில் உட்கார வைத்து, சாயாமல் ஒரு கையால் பிடித்தபடியே மறு கையால் கிளாம்ப்பைத் திருக வேண்டும். மூன்றாவது தடவை நழுவிவிட்டது. பெடல் பட்டுக் கதவில் நீளமாக ஒரு கீறல். அதுகூடப் பரவாயில்லை, பக்கத்தில் நின்ற என் மகள் சட்டென்று விலகிய அந்த நொடியை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

வண்டியின் பின்பக்கம் மாட்டுகிற மாதிரி சைக்கிள் ரேக் ஒன்று செய்துகொள்ளலாம் என்று இங்கே கணபதி பகுதியில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். அவர் உடனே அளவு எடுக்கவில்லை. இரண்டு கல்லை அடுக்கி, மேலே ஒரு சேனல் பட்டையை வைத்து, "இதுமேல ஏத்திக் காட்டுங்க தம்பி" என்றார். நான்கைந்து தடவை ஏற்றி இறக்கினேன். என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "உங்க இடது கை சைக்கிள விட்டு நகரவே இல்லீங்க. மிச்சம் இருக்கறது ஒரு கைதான். பூட்டறது, தாங்கறது எல்லாமே அந்த ஒத்தக் கைக்கு அடங்கோணும்." எங்கள் வடிவமைப்பு முழுக்க அந்த வார்த்தையிலிருந்து வந்ததுதான்.

வண்டியின் அடிச்சட்டமான சேஸியில் போல்ட் போட்ட டோயிங் பார் (வேறு வண்டியை இழுக்கப் பயன்படும் கம்பி), அதில் சொருகும் சதுரக் குழாய், அதன்மேல் இரண்டு தட்டுகள். தரையிலிருந்து 45 செ.மீ. உயரம், கிட்டத்தட்ட முழங்கால் மட்டம். முழுச் சைக்கிளையும் ஒரே மூச்சில் தூக்க வேண்டாம். முதலில் முன்சக்கரம், அப்புறம் பின்சக்கரம். பாதி எடைதான் கைக்கு வரும். முன்சக்கரம் வந்து உட்காரும் இடத்தில் வளைந்த கம்பி ஒன்று வைத்தார். சக்கரம் அதில் சிக்கியதும் சைக்கிள் தானாக நிற்கிறது, இரண்டாவது கையும் நமக்குக் கிடைத்துவிடுகிறது. சட்டத்தைப் பிடிக்கும் கிளாம்ப் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். மனைவியின் சைக்கிளில் மேல்கம்பியே கிடையாது. அதனால் முன்டயரின்மேல் இறுக்கும் கொக்கி போட்டோம். எந்தச் சைக்கிளுக்கும் அது பொருந்துகிறது.

தப்புகளும் செய்தோம். தட்டுகளுக்கு நடுவே 18 செ.மீ. மட்டும் விட்டதால் ஒன்றின் ஹேண்டில்பார் மற்றதன் சீட்டில் இடித்தது. 28 ஆக்கி, ஒன்றை 6 செ.மீ. உயர்த்தி, சைக்கிள்களை எதிரெதிர்த் திசையில் வைத்த பிறகு சரியானது. கனமான சைக்கிளை வண்டியை ஒட்டியே வையுங்கள். வெளியே போகப் போக வேகத்தடையில் குழாய் படும் பாடு அதிகம். டயர் சைலன்சர் வாய்க்கு நேரே வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஓரமாக லேசாக உருகியிருந்தது.

இன்னும் தீராத தொல்லை ஒன்று உண்டு. டிக்கியைத் திறக்கத் தட்டைப் பின்னால் சாய்க்க வேண்டும். அதைப் பூட்டி நிறுத்தும் இரும்பு ஊசியை, அதாவது 'பின்'னை, உருவினால்தான் சாயும். இரண்டு சைக்கிள் பாரமும் அந்த ஊசிமேலேயே இறங்குவதால் அது இறுகிக்கொண்டு வர மறுக்கிறது. யாராவது இதைச் சரி செய்திருக்கிறீர்களா?

சியாட்டிலிலிருந்து:

உங்கள் பட்டறை அண்ணன் சொன்னதை நான் தினமும் பார்க்கிறேன். இங்கே கிங் கவுன்ட்டி மெட்ரோ என்ற எங்கள் ஊர்ப் பொதுப் பஸ்களின் முகப்பில் சைக்கிள் ரேக் இருக்கும். 1990களிலேயே வந்துவிட்டது. முதல் நாள், பஸ் நிறைய ஆட்கள், டிரைவர் இறங்கி உதவ மாட்டார் என்று தெரியும், எனக்குக் கை நடுங்கியது. கைப்பிடியை அழுத்தி இழுத்தால் ரேக் இறங்குகிறது, ஒரு கை போதும். சக்கரங்களைப் பள்ளத்தில் வைத்து, ஸ்பிரிங் வைத்த கொக்கியை இழுத்து முன்டயரின்மேல் விட்டால் முடிந்தது. நட்டு இல்லை, பெல்ட் இல்லை. பக்கத்துச் சைக்கிளைத் தொடாமலே நம்முடையதை எடுக்கலாம். எப்படி ஏற்றுவது என்று ரேக்கிலேயே படம் போட்டிருக்கும். உங்கள் ஊசிக்குப் பதில் காலால் மிதிக்கும் லீவர் வையுங்கள். முதலில் சைக்கிளோடு சேர்த்துத் தட்டை நெஞ்சால் வண்டிப் பக்கம் லேசாகத் தள்ளினால் பாரம் விலகும், அப்புறம் மிதித்தால் தானாக விடும்.

சென்னையிலிருந்து:

நான் டிக்கியில் பெல்ட் போட்டுக் கட்டும் வகை வைத்திருந்தேன். ஆறு பெல்ட், இருபது நிமிடம். ஈ.சி.ஆரில் ஒரு நாள் போலீஸ் நிறுத்தினார், நம்பர் பிளேட் தெரியவில்லை என்று. அவர் சொன்னது நியாயம்தான். எந்த ரேக் வாங்கினாலும் சைக்கிளை ஏற்றிவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள்.

கம்பத்திலிருந்து:

எனக்கு வயது அறுபத்து மூன்று. எண்பதுகளில் எங்கள் ஊர் டவுன் பஸ்ஸின் கூரையில் சைக்கிள் ஏற்றுவோம். பின்பக்க ஏணியில் ஒருவர் ஏறி நின்று இழுப்பார், கீழே நிற்பவர் கம்பியைத் தோளில் மாட்டித் தூக்குவார். தூக்குவதற்கு முன்னால் என் அப்பா தலைத்துண்டை அவிழ்த்து ஹேண்டில்பாரையும் மேல்கம்பியையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போடுவார். தூக்கும்போது முன்சக்கரம் திரும்பி முகத்தில் அடிக்காமல் இருக்கத்தான். தம்பி, உங்கள் தோள் இருக்கிற நிலையில் அந்த முடிச்சை மறக்காதீர்கள்.

கோவையிலிருந்து:

ஐயா, அப்படியே செய்தேன். துண்டுக்குப் பதிலாகப் பழைய டியூபில் வெட்டிய ஒரு வளையம். அதே மாதிரி இன்னொன்றைப் பிரேக் லீவரில் மாட்டிவிட்டால் சைக்கிள் முன்னும் பின்னும் உருளாது. சியாட்டில் அக்கா சொன்ன மிதி லீவரையும் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு என் மகள் தனியாக இரண்டையும் ஏற்றிவிட்டு, "அப்பா, கிளம்பலாமா?" என்றாள். கதவருகே நின்றிருந்த நான் கையே நீட்டவில்லை.

இன்னும் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மட்கார்டு உள்ள சைக்கிளில் கொக்கி டயரைப் பிடிக்காமல் மட்கார்டை அழுத்துகிறது. அதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?