ஏற்காட்டு நாடக வகுப்பு: எழுதக் கற்றுத்தர வேண்டுமா, கூத்தே போதுமா?

தறிச்சத்தம் எழுதியது:

அம்மாப்பேட்டைத் தறிக்குடும்பத்தில் பிறந்தவள் நான். இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏற்காட்டைத் தாண்டி ஒரு மலைக்கிராமத்தில் நாடக வகுப்பு நடத்துகிறேன். 14 பேர் வருகிறார்கள். மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள், தோட்டக் கூலிகளின் பிள்ளைகள், காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் மூவர்.

முதல் பயிற்சி எப்போதும் ஒன்றுதான். ஓர் இடம், இரண்டு பேர், இருவருக்கும் வேண்டிய ஒரே பொருள். விளக்கம் எழுதக் கூடாது, பேச்சு மட்டுமே. எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் எழுதிய காட்சி இது: வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா, கலெக்டரின் மனைவி, சமையற்காரர், காணாமல் போன ஒரு சாவி. இருவரும் விடாமல் தேடுகிறார்கள். ஆனால் இருவருக்குமே அது கிடைத்துவிடக் கூடாது! நான் கொடுத்த விதியை அவள் தலைகீழாக்கியிருந்தாள். படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

சேலத்தில் ஒரு விழாவில் அதை நடித்துக் காட்டினோம். முடிந்ததும் ஒரு விருந்தினர் அவளை அழைத்து, "நன்றாக இருந்தது. ஆனால் இதில் உங்கள் மலை எங்கே? உங்கள் கஷ்டத்தை எழுதியிருக்கலாமே" என்றார். அவள் பதில் சொல்லவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அந்தத் தாளை நான்காக மடித்து என் பையில் வைத்துவிட்டு, "இது வேண்டாம் அக்கா" என்றாள்.

அன்றிலிருந்து மனம் ஆறவில்லை. மலையில் பிறந்த பிள்ளை மலையின் துயரத்தை மட்டும்தான் எழுத வேண்டுமா? நாங்கள் நாடகம் எழுதக் கற்றுத்தருவதே அந்த வேலியைத் தாண்டத்தான் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

களரிவாசல் எழுதியது:

அக்கா, உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அடிப்படையிலேயே உங்களோடு உடன்பட முடியவில்லை.

நான் மேட்டூர்ப் பக்கத்துக் கூத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவன். என் தாத்தா பள்ளிக்கூடத்தை மிதித்ததே இல்லை. கர்ண மோட்சத்தை விடிய விடிய, ஒரு விருத்தம் பிசகாமல் சொல்வார். அவருக்கு யாரும் தாளும் பேனாவும் தரவில்லை. வாத்தியார் முன்னால் உட்கார்ந்து, தாளம் போட்டு, திட்டு வாங்கி, வாயால் வாங்கிக்கொண்டது அத்தனையும். எங்கள் கோமாளி ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊரின் குளத்தையும் ரேஷன் கடையையும் இழுத்துப் புதிதாகப் பேசுவார். அது நாடகம் எழுதுவது ஆகாதா? தாளில் இல்லை என்பதால் அதற்கு மதிப்பில்லையா?

எழுத்தை முன்னால் வைத்தால், எழுதத் தெரியாதவர் முதல் நாளே பின்வரிசைக்குப் போய்விடுவார். உங்கள் வகுப்பில் பழம் பறிக்கும் மூன்று பெண்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள்.

இன்னொன்றும் என் நெஞ்சில் இருக்கிறது. எழுத்தாளர் ந. முத்துசாமி புரிசை என்ற ஊரின் கூத்தைப் பார்த்து வியந்து, 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். கற்ற இடத்தைப் பெயர் சொல்லிப் போற்றினார். அது பெருந்தன்மை. அதற்குப் பிறகு எங்கள் ஊர்களுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! அடவைப் படம்பிடித்துக்கொண்டு போனார்கள். முகவீணை ஊதுகிறவரின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. மலைக்கு நாடகம் வேண்டுமென்றால் மலைக்குக் கீழேயே வாத்தியார்கள் இருக்கிறார்கள். அவர்களை அழையுங்கள். புதிதாக எதையும் இறக்குமதி செய்யத் தேவையில்லை.

காப்பிப்பூ எழுதியது:

நான் அந்த மலைக்காரி. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. சேலத்தில் கல்லூரிக்குப் போனபோது, மலையாளி என்று சொன்னால் கேரளமா என்பார்கள். காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பி மூவர் வந்து மலையேறிய கதையைச் சொல்லி, நாங்கள் பேசுவது தமிழ்தான் என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டும். விளக்கி முடித்தாலும் எங்கள் பேச்சைக் கொச்சை என்று திருத்துவார்கள்.

எனக்கு 17 வயதாக இருந்தபோது வெளியூர் நிறுவனம் ஒன்று மூன்று நாள் நாடகப் பட்டறை நடத்தியது. முதல் நாள் வட்டமாக உட்கார வைத்து, வாழ்க்கையில் மிகத் துயரமான நாளைச் சொல்லச் சொன்னார்கள். நான் என் தம்பி இறந்த நாளைச் சொன்னேன். மழை, ஜீப் வரவில்லை, அப்பா தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். மூன்றாம் நாள் அதையே மேடையேற்றினார்கள். வேறொரு பெண் என் அம்மாவாக நடித்து மார்பில் அடித்துக்கொண்டாள். கூட்டம் அழுதது. என் அம்மா அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. வீடு திரும்பி இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. தம்பியை நான் விற்றுவிட்டதாக நினைத்தார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆகவே, கஷ்டத்தை எழுதச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு உடம்பு எரிகிறது.

களரிவாசல் அண்ணனுக்கும் ஒரு கேள்வி. உங்கள் ஜமாவில், அந்தக் கூத்துக் குழுவில், எனக்கு எந்த இடம்? திரௌபதிக்கே ஆண்கள்தானே வேடம் கட்டுகிறார்கள். நான் வாத்தியார் முன்னால் உட்கார்ந்தால் சொல்லித்தருவாரா? தாள் என்னைத் துரத்தவில்லை அண்ணா. எங்கள் வீட்டுப் பேச்சை யாரும் திருத்தாமல் முதன்முதலாகப் பார்த்தது, நானே எழுதிய ஒரு காட்சியில்தான்.

பழைய வாத்தியார் எழுதியது:

37 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன். தாரமங்கலம் பக்கம். அம்மா காப்பிப்பூவுக்கு நேர்ந்தது கொடுமை. அதை யாராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதிலிருந்து, துயரத்தையே எழுத வேண்டாம் என்ற முடிவுக்கு வருவது தவறு.

கென்யாவில் காமிரீத்து என்ற ஊர் இருக்கிறது. நம் சேர்வராயன் மலையைப் போலவே தோட்டங்கள் சூழ்ந்த மேட்டுநிலம், அங்கே தேயிலை. 1977இல் எழுத்தாளர் கூகி வா தியாங்கோ அந்த ஊர் மக்களோடு சேர்ந்து, அவர்கள் மொழியான கிக்கூயுவில் ஒரு நாடகம் செய்தார். உழவரும் ஆலைத் தொழிலாளரும் நடித்தார்கள். திறந்தவெளி அரங்கை ஊரே கட்டியது. சில வாரங்களில் அரசு தடை விதித்தது. ஆண்டு முடிவதற்குள் கூகியைச் சிறையில் அடைத்தார்கள். 1982இல் அரங்கையே இடித்துத் தள்ளினார்கள். ஏன்? அந்த மக்கள் தங்கள் நிலத்தையும் கூலியையும் பற்றிப் பேசினார்கள். பங்களா அம்மாளின் சாவியைப் பற்றிப் பேசியிருந்தால் அரசு கைதட்டிவிட்டுப் போயிருக்கும்.

பிள்ளைகளை விருப்பம்போல எழுதவிட்டால் தொலைக்காட்சித் தொடரைத்தான் எழுதுவார்கள். இதை வகுப்பறையில் கண்ணால் கண்டவன் நான்.

அரிதாரம் எழுதியது:

நான் திருநங்கை. செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறேன். ஆறு நாடகங்களில் நடித்திருக்கிறேன். ஆறிலும் எனக்கு ஒரே வேடம்: அடிவாங்கும் திருநங்கை. கூத்தின் மர அணிகளான கட்டை கட்டி, கிரீடம் வைத்து, திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனனாகக் குரல் கொடுத்துக்கொண்டு வர வேண்டும் என்பது என் சிறுவயது ஆசை. ஒருவரும் கேட்டதில்லை.

தறிச்சத்தம் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்ன காமிரீத்துவையே எடுத்துக்கொள்வோம். அங்கே பனுவலை மக்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஒத்திகையில் வரிக்கு வரி திருத்தினார்கள். இந்த வயதுடையவர் இப்படிப் பேசமாட்டார் என்று எழுத்தாளரையே மறித்தார்கள். அவர்களிடம் யாரும் கண்ணீர் கேட்கவில்லை. அவர்கள் சொந்தக்காரர்களாக நின்று பேசினார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான்.

சங்கரதாஸ் சுவாமிகளை நீங்கள் வகுப்பில் பாடம் நடத்தியிருப்பீர்கள். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். வறுமையான வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். உன் பசியைச் சொல் என்று அவர் எந்தப் பிள்ளையையாவது மேடையில் நிறுத்தினாரா? அரசனாக நிற்கவும், சுருதி விலகாமல் பாடவும், சொல்லைக் கடைசி வரிசை வரை கொண்டுபோகவும் கற்றுத்தந்தார். ஏழைப் பிள்ளைக்கு அரச வேடம் தருவதை யாரும் தப்பித்தல் என்று சொல்லவில்லை.

தொடர் சாயல் வருவது உண்மைதான். முதல் வரைவில் எல்லாருக்கும் வருகிறது. மூன்றாவது வரைவில் உதிர்ந்துவிடுகிறது. மூன்றாவது வரைவு வரை உடனிருக்கப் பொறுமை வேண்டும். மூன்று நாள் பட்டறைக்கு அது எங்கே இருக்கிறது?

கூலியைப் பற்றியும் நாங்கள் பேசாமல் இல்லை. பிரேசிலின் அகஸ்டோ போவால் வகுத்த முறை ஒன்று உண்டு. அநீதி நடக்கும் காட்சியை ஒருமுறை முழுதாக நடிப்போம். இரண்டாம் முறை நடிக்கும்போது, பார்ப்பவர் யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லி மேடையேறி, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு வழியை நடித்துப் பார்க்கலாம். பழம் நிறுக்கும்போது தராசில் எடை குறைத்துச் சொல்லும் மேஸ்திரியை வைத்து ஒரு காட்சி போட்டோம். முதலில் ஏறியவர் சண்டை போட்டார். இரண்டாமவர் கெஞ்சினார். மூன்றாவதாக ஏறியவருக்குக் கையெழுத்துப் போடவும் வராது. ஒன்றும் பேசவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தராசில் வைத்துவிட்டு, முள்ளைப் பார்க்கும்படி மேஸ்திரிக்குக் கை காட்டினார். கொட்டகை அதிர்ந்தது! களரிவாசல் தம்பி, பின்வரிசையைப் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்விதான். அந்தப் பெண்ணுக்கு நான் இன்னும் எழுத்தாகத் தர எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

கடைசியாக, பங்களாவில் மலை இல்லை என்று யார் சொன்னது? 1820களில் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தவரே சேலம் கலெக்டர் காக்பர்ன்தான். அப்படிப்பட்ட பங்களாக்களில் அடுப்பு ஊதியவர்கள் யார்? அந்தச் சமையற்காரர் அவளுடைய ஊர்க்காரர்தானே.

காப்பிப்பூ எழுதியது:

அக்கா, கடைசிப் பத்தி எனக்குப் பிடிக்கவில்லை. அவள் எழுதியதற்கு நீங்கள் ஏன் மலைச் சான்றிதழ் வாங்கித்தருகிறீர்கள்? அந்தச் சமையற்காரர் எங்கள் ஊர்க்காரராக இல்லாவிட்டால் என்ன? கதை லண்டனில் நடந்தால் என்ன? அப்போதும் அது அவள் எழுதியதுதான். சேலத்தில் வீடு இருக்கிற பிள்ளை பேய்க்கதை எழுதினால், இதில் உங்கள் தெரு எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

தறிச்சத்தம் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். அந்த விருந்தினருக்குப் பதில் சொல்லும் வேகத்தில் அவருடைய அளவுகோலையே கையில் எடுத்துவிட்டேன்.

களரிவாசல் எழுதியது:

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

பெண்களைப் பற்றித் தங்கை கேட்டது குத்தியது. எங்கள் வீட்டில் என் அக்காவுக்கு எல்லாத் தருவும், கூத்துப் பாட்டு அத்தனையும், மனப்பாடம். ஒரு நாளும் கூத்தாடும் களரி ஏறியதில்லை. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கத்தின் குருகுலம் பெண் பிள்ளைகளுக்கும் கற்றுத்தந்து மேடையேற்றியது. ஆக, முடியாது என்று சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் தாளைப் பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தண்ணீர் பாட்டில் வைத்த அம்மா எழுதியிருந்தால் அது வந்திருக்காது. நின்றுகொண்டு, கையில் பொருளோடு, எதிரே ஆளோடு இருந்ததால் வந்தது. முதலில் ஆடட்டும், பேசட்டும். பிறகு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும். அவர்கள் வாயில் வந்தபடியே, திருத்தாமல் எழுத வேண்டும். எழுதியவர் பெயர் போடும் இடத்தில் சொன்னவர் பெயரைப் போடுங்கள்.

பழம் பறிப்பு முடிந்து, மாசியில் எங்கள் வாத்தியாரை அழைத்து வருகிறேன். பதினைந்து நாள் தங்குவார். ஓர் இரவுக் கூத்துக்கு என்ன தருவார்களோ அதை ஒவ்வொரு நாளுக்கும் தர வேண்டும். சான்றிதழும் பொன்னாடையும் வேண்டாம். அரிதாரம் அக்காவும் வரட்டும். துரியோதனன் கட்டை அவருக்கு அளவாக இருக்குமா என்று பார்க்கலாம்.

அரிதாரம் எழுதியது:

அளவாக இல்லாவிட்டால் செதுக்கிக்கொள்வேன். தேதி மட்டும் சொல்லுங்கள் தம்பி.

பழைய வாத்தியார் எழுதியது:

தராசுக் காட்சியைத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டும் என்பேன், சாவிக் காட்சியை அல்ல. அந்த எண்ணம் எனக்கு மாறவில்லை. ஆயினும் அந்தப் பிள்ளை எழுதியதைப் படிக்காமலே பேசுகிறேன் என்பது உறுத்துகிறது. எனக்கு ஒரு படி அனுப்ப முடியுமா?

தறிச்சத்தம் எழுதியது:

போன ஞாயிறு அந்தத் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன் ஐயா. வாங்கிக்கொண்டாள். உங்களுக்கு அனுப்பலாமா என்று வரும் வாரம் கேட்கிறேன். தருவதும் மறுப்பதும் அவள் விருப்பம்.