1937 முன்சிப் நியமனம்: திவான் கொடுத்த சலுகையா?

தோவாளையான்:
1959 பிப்ரவரி 9 அன்று கேரள உயர் நீதிமன்றத்தில் பதவியேற்ற அன்னா சாண்டிதான் இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதியான முதல் பெண். பொது அறிவுப் புத்தகங்கள் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுகின்றன. என்னைக் கேட்டால் 1937தான் பெரிய ஆண்டு. அப்போதுதான் அவர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் முன்சிப், அதாவது கீழ்க்கோர்ட் நீதிபதி, ஆனார். வரப்புத் தகராறும் கடன் பத்திரமும் பாகப்பிரிவினையும் வந்து குவியும் கீழ்க்கோர்ட்டில் ஒரு பெண் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். சாதாரண ஜனம் பார்ப்பது அந்தக் கோர்ட்டைத்தான்.

வழக்காடி:
ஏற்க முடியவில்லை நண்பரே. அவரை நியமித்தது மன்னரின் முதன்மை அமைச்சரான திவான் சி.பி. ராமசாமி ஐயர். மன்னராட்சியில் திவான் நினைத்தால் நடக்கும். 1946-ல் புன்னப்புரா வயலாரில் ஜனங்களைச் சுட்ட அதே நிர்வாகம் அது. இதை நீதித்துறை வரலாறு என்று எழுதினால் சி.பி.க்கு மாலை போட்டது போலாகும். முத்துசாமி ஐயரைப் பாருங்கள். மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் கிராமக் கணக்கு வேலையில் தொடங்கி, மாவட்ட முன்சிப், சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட் என்று படிப்படியாக ஏறி, சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். அதுதான் உழைத்து வந்த உயர்வு.

தோவாளையான்:
முத்துசாமி ஐயரை நியமித்ததும் வெள்ளைக்கார அரசுதானே? அவருக்கு உழைப்பு, இவருக்குச் சலுகையா?

தேதிகளைப் பாருங்கள். சி.பி. பதவியை விட்டுப் போனது 1947-ல். அன்னா சாண்டி மாவட்ட நீதிபதியானது 1948-ல். உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது திருவிதாங்கூர் சமஸ்தானமே இல்லை. வேலையில் குறை இருந்திருந்தால் புதிய ஆட்சி அவரை மேலே ஏற்றியிருக்குமா? முன்சிப் ஆவதற்கு முன்பும் அவர் சும்மா இருக்கவில்லை. 1929 முதல் வக்கீல். ‘ஸ்ரீமதி’ பத்திரிகை நடத்தினார். 1931-ல் திருவிதாங்கூரின் மக்கள் சபையான ஸ்ரீமூலம் பிரஜா சபைக்குப் போட்டியிட்டபோது பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன, அப்படியும் விடாமல் நின்று சபைக்குள் போனார். பெண்களுக்குத் தூக்கிலிருந்து விலக்குத் தருவதைக்கூட எதிர்த்தவர், சமம் என்றால் அதிலும் சமம் என்றார். சலுகை கேட்கிற ஆள் பேசுகிற பேச்சா இது?

கயல்:
அந்தக் கீழ்க்கோர்ட்டுகளின் கதையையும் சேர்த்துப் பேசுங்கள். முன்பெல்லாம் வரி வசூலிக்கும் காரியக்காரரே வழக்கையும் விசாரித்தார். வரி கேட்டு அடித்தவரிடமே போய் நியாயம் கேட்க வேண்டும்! 1811-ல் அப்போதைய திவான் கர்னல் மன்றோ ஜில்லா கோர்ட்டுகளை ஏற்படுத்திய பிறகுதான் இரண்டும் பிரிந்தன. அவற்றில் ஒன்று எங்கள் பத்மநாபபுரத்தில் இருந்தது. அப்புறம் 1925-ல் வந்த நாயர் சட்டம் தறவாட்டுச் சொத்தை, அதாவது தாய்வழியில் வரும் கூட்டுக் குடும்பச் சொத்தை, ஆளுக்கொரு பங்காகப் பிரிக்க வழிவிட்டது. பெண்வழிச் சொத்தைப் பற்றி அதுவரை தீர்ப்பு எழுதியவர்கள் எல்லாரும் ஆண்கள்தான். அதை நினைத்தால் 1937 எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

வழக்காடி:
கோர்ட்டுகளின் கதை சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் வழி திறந்தது என்றால் பின்னால் யாராவது வர வேண்டுமே? ஒருவரை மேலே வைத்துவிட்டு மற்றவர்களை வாசலில் நிறுத்துவதற்குப் பெயர் மாற்றம் இல்லை.

கயல்:
வந்தார்களே. பத்தனம்திட்டா பாத்திமா பீவியைச் சட்டம் படிக்கச் சொன்னது அவருடைய அப்பா. அப்பா மனதில் இருந்த முன்மாதிரி அன்னா சாண்டிதான். 1958-ல் பாத்திமா பீவியும் முன்சிப்பாகத்தான் தொடங்கினார். 1983-ல் கேரள உயர் நீதிமன்றம், 1989-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி.

வழக்காடி:
1958 என்றால் குடியரசு வந்த பிறகு. அந்தப் பெருமை அரசியல் சட்டத்துக்குப் போக வேண்டும், திவானுக்கு இல்லை.

தோவாளையான்:
திவானுக்கு யார் கொடுத்தார்கள்? அன்னா சாண்டிக்குத்தான் கேட்கிறேன். அரசியல் சட்டம் மட்டுமே போதும் என்றால் சென்னைக்கும் அதே சட்டம்தானே? 1862-ல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்தில் முதல் பெண் நீதிபதியாக பத்மினி ஜேசுதுரை வந்தது 1986-ல். குடியரசாகி 36 வருடம் ஏன் ஆனது, அதற்குப் பதில் சொல்லுங்கள்.